தென்னாப்பிரிக்கப் பெண்கள் இயக்கத்தில் நிறப்பிளவும் தோழமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கப் பெண்ணியத்தில் நிறவேற்றுமை என்றவுடன் தென்னாப்பிரிக்காவை ஏன் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள்?

கண்டத்தின் பெரும்பாலான நாடுகளில் குடியேற்ற ஆட்சி முடிந்தபோது வெள்ளையர்கள் வெளியேறிவிட்டார்கள், அல்லது மிகச் சிறு எண்ணிக்கையில் தங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படி நடக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் பிறப்பின்படி வகைப்படுத்தியது. எங்கே குடியிருப்பது, எந்தப் பள்ளியில் படிப்பது, யாரை மணப்பது என்பதையெல்லாம் அந்த வகையே தீர்மானித்தது. ஆகவே பெண் என்ற பொது அடையாளத்தை வைத்து ஓர் இயக்கம் கட்ட முனைந்தவர்கள், தொடங்கிய நாளிலேயே ஒரு கேள்வியைச் சந்திக்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் ஒருத்தி எசமானியாகவும் இன்னொருத்தி வேலைக்காரியாகவும் இருக்கும்போது, அவ்விருவருக்கும் பொதுவான கோரிக்கை எது? பிற நாடுகளில் மறைமுகமாக எழுந்த இக்கேள்வி அங்கே சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

விரிசல் எப்போது தொடங்கியது?

வாக்குரிமையிலிருந்து தொடங்கியது என்று சொல்லலாம். கேப் மாகாணத்தில் சொத்தும் கல்வியும் உடைய கறுப்பின ஆண்களுக்கும் கலப்பின ஆண்களுக்கும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வாக்குரிமை இருந்தது. எனவே அங்கே பெண் வாக்குரிமை கேட்ட சங்கங்கள் "ஆண்களுக்குள்ள அதே நிபந்தனைகளின்படி எங்களுக்கும்" என்று கேட்டபோது, அக்கோரிக்கை நிறம் பார்க்காத கோரிக்கையாகவே இருந்தது. கேப் உள்ளிட்ட நான்கு பகுதிகள் இணைந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவான 1910க்குப் பிறகு, வடக்கு மாகாணங்களின் வெள்ளையினத் தலைவர்களையும் தங்கள் பக்கம் இழுக்க வேண்டிய நெருக்கடியில், வெள்ளையினப் பெண்களுக்கு மட்டும் கிடைத்தாலும் போதும் என்ற நிலைக்கு அச்சங்கங்கள் படிப்படியாக இறங்கின. எழுத்தாளர் ஆலிவ் ஷ்ரைனர் கேப் சங்கத்தின் முன்னணியில் இருந்தவர். அனைத்துப் பெண்களுக்குமான வாக்குரிமை என்ற நிபந்தனையின் பேரிலேயே தான் சேர்ந்ததாகக் கூறி அதிலிருந்து விலகினார். அவரைப் பின்பற்றி விலகியவர்கள் மிகக் குறைவு.

1930ஆம் ஆண்டு பிரதமர் ஹெர்ட்சாக்கின் அரசு வெள்ளையினப் பெண்களுக்கு மட்டும் வாக்குரிமை வழங்கியது. அவர்களுக்குச் சொத்துத் தகுதியோ கல்வித் தகுதியோ விதிக்கப்படவில்லை. அதன் உடனடி விளைவு, வெள்ளையின வாக்காளர் எண்ணிக்கை பெருகி, கேப் மாகாணக் கறுப்பின வாக்குகளின் மதிப்பு ஒரே நாளில் சரிந்தது. 1936இல் அவ்வாக்காளர்கள் பொதுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்கள். பெண்ணுரிமையின் வெற்றி என்று கொண்டாடப்பட்ட ஒரு சட்டம், இன்னொரு மக்கள் கூட்டத்தின் உரிமையைக் குறைக்கும் கருவியாகப் பயன்பட்டது. வெள்ளையினப் பெண்ணியம் என்ற சொல்லைக் கேட்டாலே தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்கள் எதற்காகப் போராடினார்கள்?

அவர்களுடைய முதல் பெரிய போராட்டம் பாஸ் எனப்படும் நடமாட்ட அனுமதிச்சீட்டை எதிர்த்தது. 1913இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் புளூம்ஃபான்டெய்ன் நகரில் அவர்கள் சீட்டுகளை வைத்துக்கொள்ள மறுத்து, ஊர்வலம் போய், கூட்டம் கூட்டமாகச் சிறை சென்றார்கள். இந்த எதிர்ப்பின் பின்னணியில் பண்டு பெண்கள் சங்கம் 1918இல் உருவானது. அதன் தலைவர் ஷார்லட் மக்செக்கே அமெரிக்காவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். வாக்குச்சீட்டு ஒரு தரப்பின் கனவாக இருந்த அதே ஆண்டுகளில், பாஸ் சீட்டு மறு தரப்பின் அன்றாட அச்சமாக இருந்தது.

தமிழ்ப் பெண்கள் இதில் எங்கே வருகிறார்கள்?

அதே 1913ஆம் ஆண்டில்தான். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் செல்லாதவையாக்கும் வகையில் நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பும், ஒப்பந்தக் கூலி முடிந்தவர்கள் மீதான மூன்று பவுண்டு வரியும் இந்தியப் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சிறையிலிருந்து நோயுடன் வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நம் பாடநூல்கள் அறியும். ஆனால் சில மாதங்கள் முன்பு, அதே நாட்டில், கறுப்பினப் பெண்கள் சிறை சென்றதை அப்பாடநூல்கள் சொல்வதில்லை.

இவ்விரு போராட்டங்களும் இணையவில்லை. காந்தியின் சத்தியாகிரகம் இந்தியரின் குறைகளை மட்டுமே முன்வைத்தது. அவருடைய தொடக்க கால எழுத்துகளில் கறுப்பின மக்களைத் தாழ்த்தும் வரிகளும் உள்ளன. இணைப்பு ஒரு தலைமுறை கழித்தே வந்தது. காந்தியின் நெருங்கிய தோழர் தம்பி நாயுடுவின் மருமகள் மனோன்மணி நாயுடு 1956ஆம் ஆண்டின் பிரிட்டோரியா ஊர்வலத்தில் நடந்தார். மனோன்மணியின் மகள் சாந்தி நாயுடு 1969இல் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டு, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, வாய் திறக்க மறுத்து மேலும் இரண்டு மாதத் தண்டனையை ஏற்றுக்கொண்டார். தோழமை என்பதற்கு எடுத்துக்காட்டுக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கறுப்புப் பட்டை இயக்கத்தையும் தென்னாப்பிரிக்கப் பெண்கள் கூட்டமைப்பையும் பலர் குழப்பிக்கொள்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

இல்லை. கலப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறிப்பதற்காக அரசு மேலவையைத் திருத்தியமைக்க முயன்ற 1955இல், அதை எதிர்த்து நடுத்தர வர்க்க வெள்ளையினப் பெண்கள் தொடங்கியதே பிளாக் சாஷ் எனப்படும் கறுப்புப் பட்டை இயக்கம். அரசியல் சட்டம் செத்துவிட்டது என்ற துக்கத்தின் அடையாளமாகத் தோளில் கறுப்புப் பட்டை அணிந்து, தெருவோரங்களில் பேசாமல் நின்றார்கள். தொடக்கத்தில் உறுப்பினராகும் தகுதி வெள்ளையினப் பெண்களுக்கே இருந்தது.

கூட்டமைப்பு அதற்கு முந்தைய ஆண்டே, 1954 ஏப்ரல் 17 அன்று, ஜோகனஸ்பர்க்கில் தோன்றிவிட்டது. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் மகளிர் அணி, தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸ் பெண்கள், கலப்பினத்தார் அமைப்பினர், இடதுசாரி வெள்ளையினப் பெண்கள், உணவுப் பதனத் தொழிற்சங்கத்தினர் எனப் பல தரப்பினர் அதில் சேர்ந்தார்கள். அன்று ஏற்கப்பட்ட பெண்கள் சாசனம் நிறவெறிச் சட்டங்களைக் கண்டித்ததோடு நிற்காமல், தம் சொந்த இயக்கத்து ஆண்களின் மனப்போக்கும் மாற வேண்டும் என்று எழுதியது.

1955இல் கறுப்புப் பட்டைப் பெண்கள் பிரிட்டோரியாவின் ஒன்றிய மாளிகை முன் இரவும் பகலும் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதைத் தொடர்ந்து நடந்த கூட்டமைப்பின் கூட்டம் ஒன்றில் ஒரு கறுப்பினப் பெண் எழுந்து, அந்த வெள்ளையினப் பெண்கள் நம்மை அழைக்கவில்லை, நாம் போகும்போது அவர்களையும் அழைப்போம் என்ற பொருளில் பேசியதாக, கூட்டமைப்பின் தலைவர்களில் ஒருவரான ஹெலன் ஜோசப் பதிவு செய்திருக்கிறார். 1955 அக்டோபர் 27 அன்று சுமார் 2,000 பெண்கள் அதே மாளிகைக்குச் சென்றார்கள்.

கறுப்புப் பட்டை இயக்கத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவதும் சரியல்ல. 1950களின் இறுதியில் கேப்டவுனில் பாஸ் குற்றத்துக்காகக் கைதான பெண்களைப் பிணையில் எடுக்கத் தொடங்கிய அவர்கள், பின்னர் பல நகரங்களில் ஆலோசனை அலுவலகங்களை நடத்தினார்கள். அங்கே வந்து வரிசையில் நின்ற பெண்களின் வழக்குகளைக் கேட்டுக் கேட்டே, அரசியல் சட்டம் பற்றிக் கவலைப்பட்ட அமைப்பு, பாஸ் சட்டம் ஒரு குடும்பத்தை எப்படிக் குலைக்கிறது என்பதை அறிந்த அமைப்பாக மாறியது. கணவனுடன் நகரில் வாழ மனைவிக்கு உள்ள உரிமையை நிலைநாட்டிய கொமானி வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980இல் அளித்த தீர்ப்பு, அந்த அலுவலகங்களின் நீண்ட உழைப்பின் விளைவுகளில் ஒன்று.

1956 ஆகஸ்ட் 9 ஊர்வலத்தில் எல்லா நிறப் பெண்களும் சமமாகப் பங்கேற்றார்கள் என்பது உண்மையா?

அந்த நாளின் புகழ்பெற்ற படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கைநிறைய மனுக்களை ஏந்தி நிற்கும் நால்வர், லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹீமா மூசா, சோபியா வில்லியம்ஸ், கறுப்பினத்தவர், வெள்ளையர், இந்தியர், கலப்பினத்தார் என அரசு வகுத்த நான்கு பிரிவுகளிலிருந்தும் முறையே வந்தவர்கள். ங்கோயி தையல் தொழிலாளி, ஜோசப் இங்கிலாந்தில் பிறந்து, ஹைதராபாத்தில் சிறிது காலம் ஆசிரியையாக இருந்து, பிறகு தென்னாப்பிரிக்காவில் குடியேறியவர், மூசா தொழிற்சங்கக்காரர், வில்லியம்ஸுக்கு அப்போது வயது 18. ஆனால் திரண்டிருந்த சுமார் 20,000 பெண்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சேலை உடுத்திய இந்தியப் பெண்களும் கலப்பினப் பெண்களும் கணிசமாக வந்தார்கள். வெள்ளையினப் பெண்கள் மிகச் சிலரே. இதில் வியப்பில்லை. பாஸ் சீட்டு கறுப்பினப் பெண்கள் மீதே சுமத்தப்பட்டது. மற்றவர்கள் தங்களுக்கு வராத துன்பத்துக்காக வந்தவர்கள்.

அரசு ஊர்வலத்துக்குத் தடை விதித்திருந்ததால் அவர்கள் இருவர் மூவராக மேடேறிச் சென்றார்கள். பிரதமர் ஸ்டிரைடோம் அவர்களைச் சந்திக்கவில்லை. மனுக்களை அவர் அலுவலகத்தில் குவித்துவிட்டு, 30 நிமிடம் பேசாமல் நின்று, பிறகு பாடினார்கள். பெண்ணைத் தொட்டாய், பாறையைத் தொட்டாய் என்ற பொருளுடைய அந்தப் பாடல் இன்றும் பேரணிகளில் ஒலிக்கிறது.

கூட்டமைப்புக்குள்ளே வாக்குவாதம் இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் ரே அலெக்சாண்டர் போன்றவர்கள் தனிநபர்கள் நேரடியாக உறுப்பினராகச் சேரும் ஒரே அமைப்பை விரும்பினார்கள். காங்கிரஸ் மகளிர் அணியோ, அமைப்புகள் வழியாகவே சேர முடியும் என்று உறுதியாக நின்றது. அதனால் ஒவ்வொரு நிறப் பிரிவினரும் தத்தம் அமைப்பில் இருந்துகொண்டு மேல்மட்டத்தில் கைகோத்தார்கள். இது அரசின் வகைப்பாட்டையே பிரதிபலிக்கிறது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. என் கருத்தில், அந்த ஏற்பாட்டுக்கு ஒரு நன்மையும் இருந்தது. எண்ணிக்கையில் பெரும்பான்மையும் துன்பத்தில் முதன்மையும் உடையவர்கள் எதற்காக, எப்போது, எப்படிப் போராடுவது என்பதைத் தீர்மானித்தார்கள். நன்றாக ஆங்கிலம் பேசுபவர்களும் வண்டியும் தொலைபேசியும் வைத்திருப்பவர்களும் இயல்பாகவே தலைமையைப் பிடித்துக்கொள்ளும் நிலை அதனால் ஓரளவு தடுக்கப்பட்டது.

ஊர்வலம் பாஸ் சட்டத்தை நிறுத்திவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 1963இல் கறுப்பினப் பெண்கள் அனைவருக்கும் பாஸ் கட்டாயமானது, 1986இல்தான் ஒழிந்தது. ஜோசப்பும் ங்கோயியும் தேசத்துரோக வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். பிறகு ஆண்டுக்கணக்கான தடையுத்தரவுகள் அவர்களைக் கட்டிப்போட்டன. 1992இல் இறந்த ஜோசப், சொவெட்டோவின் அவலான் மயானத்தில், 1980இல் இறந்த ங்கோயியின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கறுப்பினப் பெண்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் இடையே உரசல் இருக்கவில்லையா?

இருந்தது, கடுமையாகவே இருந்தது. 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். இந்தியக் கடைக்காரர்கள், வீட்டு உரிமையாளர்கள், பேருந்து முதலாளிகள் மீது கறுப்பின மக்களுக்கு நாள்பட்ட கசப்பு இருந்தது. அதற்கு அடித்தளமிட்டது வெள்ளையர் ஆட்சி என்றாலும், கசப்பு வெளிப்பட்ட இடம் அண்டைவீடு. கேட்டோ மேனர் பகுதியில் வாடகை வாங்கியவரும் கொடுத்தவரும் அருகருகே வாழ்ந்தார்கள்.

அதன்பின் இந்தியரான ஃபாத்திமா மீரும் கறுப்பினத்தவரான பெர்தா ம்கீசேயும் டர்பன் மாவட்டப் பெண்கள் சங்கத்தை அமைத்து, கேட்டோ மேனரில் குழந்தைகள் காப்பகமும் பால் விநியோகமும் நடத்தினார்கள். ஒற்றுமையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதைவிட, இரு தரப்புப் பெண்களும் ஒரே கூடத்தில் பால் ஊற்றுவது பயன் தரும் என்று அவர்கள் கண்டார்கள். அதனால் கசப்பு மறைந்துவிடவில்லை. டர்பன் அரசியலில் அது இன்றும் அவ்வப்போது தலைதூக்குகிறது.

1970களில் வெள்ளையினப் பெண்களைச் சேர்க்காத அமைப்புகள் ஏன் தோன்றின? அதுவும் ஒரு வகை நிறவெறி அல்லவா?

அந்த அமைப்புகளுக்குப் பின்னால் இருந்த கறுப்பு உணர்வு இயக்கம் "கறுப்பர்" என்று அழைத்தது தோலின் நிறத்தை வைத்து மட்டுமல்ல. நிறவெறியால் ஒடுக்கப்பட்ட ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் அனைவரும் அதில் அடங்கினார்கள். அதனால்தான் 1975இல் டர்பனில் உருவான கறுப்பினப் பெண்கள் கூட்டமைப்புக்கு, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஃபாத்திமா மீர் தலைவரானார். வின்னி மண்டேலா அதன் முன்னணியில் இருந்தார். நல்லெண்ணம் கொண்ட வெள்ளையினர் கூட்டத்துக்கு வந்தாலே பேச்சும் முடிவும் அவர்கள் கைக்குப் போய்விடுகின்றன என்ற அனுபவத்திலிருந்து எழுந்ததே வெள்ளையினரைச் சேர்க்காத அந்த முடிவு. யாரையும் ஒடுக்கும் அதிகாரம் இல்லாதவர்கள் தமக்குள் கூடிப் பேசுவதை, அரசு இயந்திரத்தைக் கையில் வைத்திருப்பவர்களின் விலக்கலுடன் ஒப்பிடுவது பொருந்தாது. 1977 அக்டோபரில் அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது.

1991இல் டர்பனிலும் 1992இல் நைஜீரியாவிலும் நடந்த மாநாட்டுச் சர்ச்சைகள் எவை?

டர்பனில் நேட்டால் பல்கலைக்கழகத்தில் நடந்த, பெண்களும் பாலினமும் பற்றிய கருத்தரங்கில், கட்டுரை வாசித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையினக் கல்வியாளர்கள். கட்டுரைகளின் பொருளோ பெரும்பாலும் கறுப்பினப் பெண்களின் வாழ்க்கை. களப்பணியாளர்களும் கறுப்பின ஆய்வாளர்களும் எழுந்து, எங்களைப் பற்றி எழுதி நீங்கள் பட்டமும் பதவியும் பெறுகிறீர்கள், எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். சிலர் அதை அநாகரிகம் என்றார்கள். ஆனால் கேள்வி மரியாதையைப் பற்றியதல்ல. பல்கலைக்கழக இருக்கை, ஆய்வு நிதி, பதிப்பு வாய்ப்பு ஆகியவை யாரிடம் இருந்தன என்பதைப் பற்றியது. நிறவெறிக் கல்விமுறை கறுப்பினப் பெண்களை ஆய்வாளர்களாக வளரவிடாத நாட்டில், திறமை உள்ளவர் எழுதட்டும் என்பது நடுநிலையான பதில் ஆகாது.

நைஜீரியாவின் ன்சுக்காவில் 1992 ஜூலையில் ஒபியோமா ன்னமேக்கா கூட்டிய மாநாட்டின் சிக்கல் வேறு விதமானது. ஆப்பிரிக்காவிலும் வெளியிலும் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கான அந்த மாநாட்டில், வெள்ளையினப் பெண்கள் கட்டுரை வாசிக்கக் கூடாது என்று அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்த கறுப்பினப் பெண்கள் சிலர் கோரினார்கள். விருந்தோம்பிய ஆப்பிரிக்கப் பெண்களில் பலர் அதை ஏற்கவில்லை. அழைத்து வந்தவர்களை வாசலில் நிறுத்துவது அவர்களுக்கு ஒப்பவில்லை. அமெரிக்க அனுபவத்திலிருந்து பிறந்த நிற அரசியலை எங்கள் மண்ணுக்கு வந்து எங்களுக்கே விதிக்கிறீர்களா என்ற கோபமும் அதில் கலந்திருந்தது. கறுப்பினப் பெண்களுக்குள்ளேயே பாஸ்போர்ட்டும் டாலரும் ஒரு படிநிலையை உருவாக்கியிருந்ததை அந்த மாநாடு அம்பலப்படுத்தியது. நிறப் பிரச்சினையை வெள்ளை, கறுப்பு என்று இரு தரப்பாக மட்டும் பார்ப்பவர்கள் ன்சுக்காவைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மேற்கத்தியப் பெண்ணியத்தை ஆப்பிரிக்கப் பெண்கள் முற்றிலும் நிராகரித்துவிட்டார்களா?

இல்லை. தங்களைப் பற்றிய ஆய்வைத் தாங்களே செய்ய வேண்டும் என்று 1977இல் டாக்காரில் ஆப்பிரிக்கப் பெண் ஆய்வாளர் சங்கத்தை அமைத்தார்கள். பெண்ணுறுப்புச் சிதைப்பு வழக்கத்தைத் தாங்களும் எதிர்த்துக்கொண்டே, அதைக் காட்சிப்பொருளாக்கிய மேற்கத்தியப் பிரசாரத்தை அச்சங்கத்தினர் கண்டித்தார்கள். 1980இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாட்டில் இந்தப் பூசல் வெளிப்படையாக வெடித்தது. 2006இல் அக்ராவில் கூடியவர்கள் ஏற்ற ஆப்பிரிக்கப் பெண்ணியச் சாசனமோ, எந்த அடைமொழியும் தயக்கமும் இன்றித் தங்களைப் பெண்ணியவாதிகள் என்றே அறிவித்தது.

நிறவெறி முடிந்த காலத்தில் எல்லாப் பெண்களும் ஒன்றாகச் செயல்பட்டார்களா?

ஒரு குறுகிய காலம், ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் செயல்பட்டார்கள். 1992 ஏப்ரலில் அமைந்த பெண்கள் தேசியக் கூட்டணியில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுடன், நிறவெறியை நடத்திய தேசியக் கட்சியின் பெண்களும், சூலு மக்களிடையே வேரூன்றிய இன்காத்தா கட்சியின் பெண்களும் அமர்ந்தார்கள். ஃப்ரீன் ஜின்வாலா அதை வழிநடத்தினார். டர்பனைச் சேர்ந்த ப்ரெக்ஸ் கோவேந்தர் அதன் பணிகளை ஒருங்கிணைத்தார். அவர்கள் பழைய கணக்குகளைத் தீர்க்க முயலவில்லை. புதிய அரசியல் சட்டத்துக்கான பேச்சுவார்த்தை மேசையில் எல்லாக் கட்சிகளும் ஆண்களையே உட்காரவைத்திருந்தன என்ற ஒரே குறையைப் பிடித்துக்கொண்டார்கள். 1993இல், ஒவ்வொரு கட்சியின் இரு பிரதிநிதிகளில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

மரபுவழித் தலைவர்கள், வழக்காற்றுச் சட்டத்தைச் சமத்துவப் பிரிவிலிருந்து விலக்க வேண்டும் என்று கோரியபோது, கூட்டணி அதை எதிர்த்து வென்றது. அந்த எதிர்ப்புக்கு வலு சேர்த்தவர்கள், அச்சட்டத்தின்கீழ் வாழ்ந்த கிராமப்புறக் கறுப்பினப் பெண்கள். நகரத்து வழக்கறிஞர்கள் மட்டும் பேசியிருந்தால், பண்பாட்டின் மீதான வெள்ளையினத் தாக்குதல் என்று அதைத் தள்ளிவிடுவது எளிதாக இருந்திருக்கும். 1994 தேர்தல் முடிந்ததும் கூட்டணி தளர்ந்தது; தலைவர்களில் பலர் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுவேலைத் தொழிலாளர் பிரச்சினை ஏன் இன்னும் தீரவில்லை?

ஏனெனில் அது பேரணியில் அல்ல, சமையலறையில் இருக்கிறது. வெள்ளையினப் பெண்கள் வேலைக்கும் கூட்டங்களுக்கும் போக முடிந்ததற்கு, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கறுப்பினப் பெண்கள் வளர்த்தது முக்கியக் காரணம். அந்தத் தாய்மாரின் சொந்தப் பிள்ளைகள் தொலைவில் பாட்டிமாரிடம் வளர்ந்தார்கள். இன்று இந்திய, கறுப்பின நடுத்தர வர்க்க வீடுகளிலும் இதே உறவு தொடர்கிறது. எனவே இதை நிறத்தால் மட்டும் விளக்க முடியாது.

இந்தத் தொழிலாளர்கள் 1986இலேயே தேசிய அளவில் சங்கம் கண்டார்கள். தானும் வீட்டுவேலை செய்தவரான மர்ட்டில் விட்பூய், பின்னாளில் சர்வதேச வீட்டுவேலைத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவரானார். சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2002இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் பணியிடத்தில் காயமடைந்தாலோ இறந்தாலோ இழப்பீடு பெறும் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லாமல் இருந்தது. பிரிட்டோரியாவில் 22 ஆண்டுகள் ஒரே வீட்டில் வேலை செய்த, பார்வை மங்கிய ஒரு பெண் 2012இல் அவ்வீட்டு நீச்சல்குளத்தில் மூழ்கி இறந்தபோது, அவர் மகள் இழப்பீடு கேட்டு, சங்கத்தின் துணையுடன் வழக்குத் தொடுத்தார்.

அரசியல் சட்ட நீதிமன்றம் 2020 நவம்பரில் அந்த விலக்கலைச் செல்லாததாக்கியது. நிறமும் பாலினமும் வர்க்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தும் இடத்தில் இத்தொழிலாளர்கள் நிற்கிறார்கள் என்று விளக்கி, அத்தீர்ப்பு 1994 ஏப்ரல் 27 முதலே பொருந்தும் என்றும் ஆணையிட்டது. இப்போது வீட்டு உரிமையாளர்கள் தங்கள் தொழிலாளர்களை இழப்பீட்டு நிதியில் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாதவர்களை வீட்டுக்குள் போய்ச் சோதிப்பது அரசுக்கு எளிதல்ல என்பதால், சங்கத்தினர் வீதி வீதியாகச் சென்று தொழிலாளர்களிடம் இந்த உரிமையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.